இலை போடும் முன்னே மொய் கேட்கலாமா? - யூடியூப் சேனலுக்கு சப்ஸ்கிரைபர் சேரும் கதை

காலை ஏழு மணி. அடுப்பில் ஒரு பக்கம் பால், இன்னொரு பக்கம் குக்கர். அஞ்சறைப் பெட்டியின் மேல் சாய்த்து வைத்த மொபைலில் ஒரு சமையல் வீடியோ. ஆப்பத்துக்கு அரைத்த மாவு புளிக்கவில்லை. இப்போது என்ன செய்யலாம் என்று பார்க்கத்தான் அந்த வீட்டு அம்மா வீடியோவைத் திறந்தார்.

திரையில் வந்தவர் வணக்கம் சொன்னார். சேனலின் பெயரைச் சொன்னார். "மறக்காம சப்ஸ்கிரைப் பண்ணுங்க, பக்கத்துல இருக்கிற பெல் பட்டனையும் அழுத்துங்க" என்றார். லைக், ஷேர், கமென்ட் என்று எல்லாவற்றையும் ஒரு சுற்று சொல்லி முடித்தார். நாற்பது நொடி போய்விட்டது. மாவைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. தேங்காய் துருவிய கையின் புறங்கையால் திரையைத் தள்ளிவிட்டு, அடுத்த வீடியோவுக்குப் போய்விட்டார் அம்மா.

இப்படி ஒரு காட்சி தினமும் பல வீடுகளில் நடக்கிறது. இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்த வீடியோவை எடுத்தவரும் பெரும்பாலும் இன்னொரு வீட்டின் அம்மாதான். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பிறகு, சத்தம் வரக் கூடாது என்று ஃபேனை நிறுத்தி, வேர்க்க விறுவிறுக்கச் சமைத்து, இரவு எல்லோரும் தூங்கிய பிறகு மொபைலிலேயே எடிட் செய்து ஏற்றியிருப்பார். மறுநாள் எழுந்ததும் முதலில் பார்ப்பது சப்ஸ்கிரைபர் எண்ணிக்கையைத்தான். நேற்று 112, இன்றும் 112.

"இவ்வளவு கேட்டும் ஏன் யாரும் சப்ஸ்கிரைப் பண்ண மாட்டேங்கிறாங்க?" என்ற கேள்விக்குப் பதில் கல்யாண வீட்டுப் பந்தியில் இருக்கிறது. வந்தவரை உட்கார வைத்து, இலை போட்டு, வயிறு நிறையப் பரிமாறிய பிறகுதான் மொய் நோட்டுப் பக்கம் பேச்சு போகும். மொய் விருந்து என்றே தனியாக நடத்தும் புதுக்கோட்டை, தஞ்சாவூர் பக்கத்து ஊர்களில்கூட முதலில் கறிச்சோறு, பிறகுதான் மொய். வாசலிலேயே நோட்டை நீட்டினால் யாரும் உள்ளே வர மாட்டார்கள். வீடியோவின் முதல் நாற்பது நொடியில் சப்ஸ்கிரைப் கேட்பது, இலை போடும் முன்னே மொய் கேட்பதுபோலத்தான்.

ஏன் இந்த 1,000?

யூடியூபின் முதல் வீடியோ 2005 ஏப்ரல் 23 அன்று ஏற்றப்பட்டது. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஜாவேத் கரீம், அமெரிக்காவின் சான் டியேகோ உயிரியல் பூங்காவில் யானைகளுக்கு முன்னால் நின்று பேசும் 19 நொடி வீடியோ அது. அடுத்த ஆண்டே கூகுள் நிறுவனம் யூடியூபை 165 கோடி டாலருக்கு வாங்கியது. 2007-இல், வீடியோ போடுபவர்களுக்கு விளம்பர வருமானத்தில் பங்கு தரும் திட்டம் வந்தது. வீட்டுச் சமையலறைக்கும் டாலருக்கும் தொடர்பு ஏற்பட்டது அதன் வழியாகத்தான்.

தொடக்கத்தில் நிபந்தனைகள் எளிதாகவே இருந்தன. 2017-இல் சேனலுக்கு மொத்தம் 10,000 பார்வைகளாவது வேண்டும் என்றார்கள். 2018 ஜனவரியில் அதையும் மாற்றி, 1,000 சப்ஸ்கிரைபர்களும், 12 மாதங்களுக்குள் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்றார்கள். ஷார்ட்ஸ் போடுபவர்களுக்கு அந்த 4,000 மணி நேரத்துக்குப் பதிலாக, 90 நாள்களில் ஒரு கோடி பார்வைகள். 2023-இல் 500 சப்ஸ்கிரைபர்களிலேயே திட்டத்துக்குள் நுழைய ஒரு வழி வந்தது. ஆனால் அதில் ரசிகர்கள் நேரடியாகத் தரும் தொகை போன்றவைதான் கிடைக்கும். விளம்பர வருமானத்துக்குப் பழையபடி 1,000 வேண்டும்.

வருமானம் 10 டாலரைத் தொட்டதும் முகவரியைச் சரிபார்க்க வீட்டுக்கே தபாலில் ஒரு பின் நம்பர் வரும். தபால்காரர் கொண்டுவரும் அந்தக் கடிதத்தைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கும் குடும்பங்கள் உண்டு. 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும். நீள வீடியோவின் விளம்பர வருமானத்தில் 55 சதவிகிதமும், ஷார்ட்ஸில் 45 சதவிகிதமும் சேனல்காரருக்கு.

ஆக, 1,000 என்பது கௌரவ எண் மட்டுமல்ல. மாதக் கடைசியில் கேஸ் சிலிண்டருக்கோ, பிள்ளையின் டியூஷன் ஃபீஸுக்கோ சொந்தச் சம்பாத்தியம் ஒன்று இருக்காதா என்ற நினைப்பு அதற்குப் பின்னால் இருக்கிறது. அதனால்தான் அந்த எண் அசையாதபோது மனசு இவ்வளவு வலிக்கிறது.

சொந்தக்காரர்கள் மட்டும் போதுமா?

எல்லோரும் முதலில் செய்வது குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க் போடுவது. சித்தி, பெரியப்பா, கல்லூரித் தோழி, எதிர் வீட்டு அக்கா என்று 100 பேர் சேர்ந்துவிடுவார்கள். அதில் தப்பில்லை. ஆனால் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் சங்கதி புரியும்.

4,000 மணி நேரம் என்றால் 2,40,000 நிமிடங்கள். ஒருவர் ஒரு வீடியோவைச் சராசரியாக 4 நிமிடம் பார்க்கிறார் என்று வைத்துக்கொண்டால், 60,000 பார்வைகள் தேவை. அந்த 100 சொந்தக்காரர்களும் வாரம் இரண்டு வீடியோவைத் தவறாமல், ஒரு வருடம் முழுக்க நான்கு நான்கு நிமிடம் பார்த்தாலும் 700 மணி நேரத்தைக்கூடத் தொடாது. அவ்வளவு பொறுமை எந்தப் பெரியப்பாவுக்கும் கிடையாது என்பது வேறு விஷயம்!

அன்புக்காக சப்ஸ்கிரைப் செய்தவர் அடுத்த வீடியோ வந்தால் திறப்பார் என்று நிச்சயமில்லை. ஆப்ப மாவு புளிக்க வழி தெரிந்துகொண்டு சப்ஸ்கிரைப் செய்தவர் திறப்பார். ஏனென்றால் அவருக்கு நாளைக்கு இடியாப்பமும் செய்ய வேண்டியிருக்கும். 'உங்களுக்காக நான் ஒரு பட்டனை அழுத்திவிட்டேன்' என்று கடமையைக் கழிப்பவர் ஒருவர். 'நாளைக்கும் சாப்பிட வருகிறேன்' என்று வார்த்தை கொடுப்பவர் இன்னொருவர். எண்ணிக்கையில் இருவரும் ஒன்றுதான். சேனலை வளர்ப்பவர் இரண்டாமவர்.

பார்வைகளைவிட, பார்த்த நேரத்துக்கு அதிக மதிப்புத் தரும் முறைக்கு யூடியூப் 2012-இலேயே மாறிவிட்டது. ஒரு வீடியோவைத் திறந்தவர்கள் அதில் எவ்வளவு நேரம் இருந்தார்கள், பார்த்துத் திருப்தியடைந்தார்களா என்பதையெல்லாம் வைத்துத்தான் அது புதியவர்களின் திரைக்குப் போகிறது. எனவே முதல் நாற்பது நொடியில் ஆளை விரட்டும் வேண்டுகோள், சப்ஸ்கிரைபரைச் சேர்ப்பதற்குப் பதிலாக, வரவேண்டிய புதியவர்களையும் தடுத்துவிடலாம்.

சின்ன வீரமங்கலத்தில் ஒரு புடி!

இதற்கு நல்ல உதாரணம் தேடி அமெரிக்கா போக வேண்டாம். புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலம் போதும்.

விவசாயக் குடும்பம். வருடத்தில் ஆறு மாதம்தான் வயலில் வேலை. மீதி ஆறு மாதத்துக்கு என்ன செய்வது என்று யோசித்தபோதுதான் சுப்பிரமணியனும் அவருடைய தம்பிமார்களும் 2018 ஏப்ரலில் வில்லேஜ் குக்கிங் சேனலைத் தொடங்கினார்கள். விசேஷங்களுக்குச் சமைத்த அனுபவம் உள்ள தாத்தா பெரியதம்பி அடுப்பின் முன்னால் நின்றார். ஸ்டுடியோ கிடையாது, செட் கிடையாது. வயல்வெளி, அம்மி, விறகடுப்பு, பெரிய பாத்திரம், அவ்வளவுதான்.

2021-இல் ஒரு கோடி சப்ஸ்கிரைபர்களைத் தொட்ட முதல் தமிழ் யூடியூப் சேனல் ஆனது அது. அதற்கான டைமண்ட் பட்டனும் வந்தது. அந்தச் சமயத்திலேயே முதலமைச்சரின் கொரோனா நிவாரண நிதிக்கு 10 லட்ச ரூபாய் கொடுத்தார்கள். 2022-இல் கமல்ஹாசன் நடித்த 'விக்ரம்' படத்திலும் தலைகாட்டினார்கள். இன்று சேனலின் எண்ணிக்கை 2 கோடியைத் தாண்டிவிட்டது.

"ராகுல் காந்தி வந்தாரே, அதனால்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. 2021 ஜனவரியில் ராகுல் காந்தி அவர்களோடு உட்கார்ந்து காளான் பிரியாணி சாப்பிட்டதும், ரைத்தா கலந்ததும் பெரிய செய்தியானது உண்மை. ஆனால் அதற்கு முன்பே பல லட்சம் பேர் அந்தச் சேனலில் சேர்ந்திருந்தார்கள். பந்தி ஏற்கெனவே களைகட்டியிருந்ததால்தான் பெரிய விருந்தாளியும் வந்தார்.

அந்த வீடியோக்களைக் கவனித்துப் பார்த்தால் ஒன்று தெரியும். எதைத் திறந்தாலும் அமைப்பு ஒன்றேதான். ஒவ்வொரு பொருளும் பாத்திரத்தில் விழும்போது அதன் பெயரை உரக்கச் சொல்வார்கள். அரைக்கும் சத்தம், தாளிக்கும் சத்தம் தெளிவாகக் கேட்கும். "இன்னைக்கு ஒரு புடி" என்ற குரல் வரும். கடைசியில் ஊர்ப் பெரியவர்களுக்கோ பிள்ளைகளுக்கோ இலை போட்டுப் பரிமாறுவார்கள். தமிழ் தெரியாதவருக்கும் புரியும். பாட்டியும் பேரனும் ஒரே மொபைலில் பார்க்கலாம். அடுத்த வீடியோவில் என்ன சமைப்பார்கள் என்பது தெரியாது. ஆனால் எப்படி இருக்கும் என்பது தெரியும். சப்ஸ்கிரைப் பட்டனை அழுத்த வைப்பது அந்த நம்பிக்கைதான்.

பக்கத்து மாநிலமான ஆந்திராவில் இருந்த மஸ்தானம்மா பாட்டியையும் பலருக்கு நினைவிருக்கும். நூறு வயதைத் தாண்டியவர் என்று சொல்லப்பட்ட அவர், தரையில் உட்கார்ந்து, நகத்தாலேயே தோல் உரித்துச் சமைத்த வீடியோக்களை அவருடைய கொள்ளுப் பேரன் 'கன்ட்ரி ஃபுட்ஸ்' சேனலில் போட்டார். தர்பூசணிக்குள் கோழியை வைத்துச் சமைத்தது உலகம் முழுக்கச் சுற்றியது. 2018 டிசம்பரில் பாட்டி இறந்தபோது அந்தச் சேனலுக்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்ட சப்ஸ்கிரைபர்கள் இருந்தார்கள். பட்டனை அழுத்தச் சொல்லிப் பாட்டி வற்புறுத்தியதால் சேர்ந்த கூட்டமல்ல அது. பாட்டியை மறுபடி பார்க்க வேண்டும் என்பதற்காகச் சேர்ந்த கூட்டம்.

அப்படியானால் கேட்கவே கூடாதா?

தாராளமாகக் கேட்கலாம். சப்ஸ்கிரைப் என்றால் காசு கட்ட வேண்டும் என்று நினைக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். "இது இலவசம்தான்" என்று சொல்வதே பலருக்கு உதவி. எப்போது கேட்கிறோம், என்ன காரணம் சொல்கிறோம் என்பதில்தான் சூட்சுமம்.

*பலன் கிடைத்த நொடியில் கேட்பது:* மாவு பொங்கி வந்ததைக் காட்டிய உடனே, ஆப்பம் ஓரம் முறுகலாகச் சட்டியைவிட்டு எழும்பிய உடனே கேட்டால், பார்ப்பவருக்கும் அது நியாயமாகத் தெரியும். ஆரம்பத்தில் கேட்டால் அது கடன், இந்த இடத்தில் கேட்டால் அது கைம்மாறு.

*ஒரே வரி, ஒரே காரணம்:* லைக், ஷேர், கமென்ட், பெல், இன்ஸ்டாகிராம் என்று ஐந்தையும் கேட்டால் ஒன்றும் நடக்காது. "வியாழக்கிழமை, புளித்த மாவில் என்னென்ன செய்யலாம் என்று காட்டப்போகிறேன். வேண்டும் என்பவர்கள் சப்ஸ்கிரைப் செய்துவையுங்கள்" என்றால் பார்ப்பவருக்கு ஒரு காரணம் கிடைக்கிறது.

*கை ஈரமாக இருப்பதை நினைவில் வைப்பது:* சமையல் வீடியோ பார்ப்பவர் கையில் மாவு இருக்கும். கோலம் வீடியோ பார்ப்பவர் விரலில் பொடி இருக்கும். தையல் வீடியோ பார்ப்பவர் கையில் துணி இருக்கும். அந்த நேரத்தில் பட்டனை அழுத்தச் சொன்னால் எப்படி அழுத்துவார்? கை ஓயும் கடைசி நேரம்தான் தோதானது. அதற்காகவே யூடியூபில் 'எண்ட் ஸ்கிரீன்' வசதி இருக்கிறது. வீடியோவின் கடைசி 5 முதல் 20 நொடிகளில் சப்ஸ்கிரைப் பட்டனையும் அடுத்து பார்க்க வேண்டிய வீடியோவையும் திரையிலேயே வைக்கலாம். வாயால் கேட்காமலே அது கேட்டுவிடும்.

*வாசலைச் சுத்தமாக வைப்பது:* ஒரு வீடியோ பிடித்துப்போனால் பலரும் சேனலின் முகப்புக்குப் போய்ப் பார்ப்பார்கள். அங்கே ஒரு நாள் ரசம், ஒரு நாள் பேரன் பிறந்தநாள், ஒரு நாள் சுற்றுலா, ஒரு நாள் சீரியல் விமர்சனம் என்று கிடந்தால், 'இங்கே எதற்குச் சேர வேண்டும்' என்று குழம்புவார்கள். முகப்பில் இது என்ன சேனல் என்று ஒரு நிமிடத்தில் சொல்லும் அறிமுக வீடியோ வைக்கலாம். டிபன் தனி, குழம்பு தனி என்று பிளேலிஸ்ட் பிரிக்கலாம்.

*சொன்ன நாளில் போடுவது:* வாரம் ஏழு வீடியோ போட்டு மூன்றாவது வாரம் படுத்துக்கொள்வதைவிட, வாரம் ஒன்றைத் தவறாமல் போடுவது மேல். வார இதழ் வரும் கிழமை வாசகருக்குத் தெரியும் அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

*கமென்ட்டுக்குப் பதில் சொல்வது:* "அக்கா, எனக்கு மாவு புளித்துவிட்டது, ஆனால் ஆப்பம் ஒட்டுகிறது" என்று ஒருவர் எழுதினால், அது அடுத்த வீடியோவுக்கான தலைப்பு. அவர் பெயரைச் சொல்லி அந்த வீடியோவைத் தொடங்கினால் அவர் சேனலை விட்டுப் போகவே மாட்டார்.

*எண்களைச் சரியான இடத்தில் பார்ப்பது:* யூடியூப் ஸ்டுடியோ ஆப்பில் எந்த வீடியோவால் எத்தனை சப்ஸ்கிரைபர்கள் வந்தார்கள், எத்தனை பேர் போனார்கள் என்பது தெரியும். பார்ப்பவர்கள் எந்த நொடியில் கழன்றுகொண்டார்கள் என்பதற்கு ஒரு வரைபடமே இருக்கும். மொத்த எண்ணை ஒரு நாளைக்கு இருபது முறை பார்ப்பதைவிட, அந்த வரைபடத்தை வாரத்துக்கு ஒரு முறை பார்ப்பது நல்லது. கோடு முதல் அரை நிமிடத்திலேயே சரிகிறது என்றால், அந்த இடத்தில் என்ன பேசினோம் என்று திரும்பக் கேட்டாலே விடை கிடைத்துவிடும்.

பெல் பட்டனைப் பற்றி ஒரு வார்த்தை. சப்ஸ்கிரைப் செய்த எல்லோருக்கும் ஒவ்வொரு வீடியோவுக்கும் மணி அடிக்காது. பெல்லில் 'அனைத்தும்' என்பதைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குத்தான் எல்லாமே வரும். அதிலும் ஒரு நாளைக்கு ஒரு சேனலிடமிருந்து அதிகபட்சம் மூன்று அறிவிப்புகள்தான். ஒரே நாளில் பத்து வீடியோ கொட்டினால் பலன் இல்லை என்பது இதிலிருந்தே தெரியும்.

உலகமே கேட்டும் நிற்காத முதலிடம்

கேட்பதில் உச்சத்தைத் தொட்ட ஒரு கதை உண்டு. ஸ்வீடனைச் சேர்ந்த ஃபெலிக்ஸ் ஷெல்பெர்க் என்பவரின் 'பியூடிபை' சேனல்தான் 2013-இலிருந்து பல ஆண்டுகள் உலகிலேயே அதிக சப்ஸ்கிரைபர்களை வைத்திருந்த தனிநபர் சேனல். 2018-இல் நம் நாட்டின் டி-சீரிஸ் பாட்டுக் கம்பெனி வேகமாக நெருங்கி வந்தது. உடனே 'பியூடிபைக்கு சப்ஸ்கிரைப் செய்யுங்கள்' என்று உலகம் முழுக்க ரசிகர்கள் கிளம்பினார்கள். மிஸ்டர் பீஸ்ட் என்ற இன்னொரு யூடியூபர் ஊரெல்லாம் விளம்பரப் பலகை வைத்தார். யாரோ சில ஹேக்கர்கள், முன்பின் தெரியாதவர்களின் பிரின்டர்களில்கூட அந்த வேண்டுகோளை அச்சடித்து வரவைத்தார்கள். விளையாட்டாகத் தொடங்கியது எல்லை மீறியது. 2019 ஏப்ரலில் டி-சீரிஸைக் கிண்டல் செய்த இரண்டு பாட்டு வீடியோக்களுக்கு டெல்லி உயர் நீதிமன்றம் இந்தியாவில் தடை விதித்தது. அதே மாதம், போதும் நிறுத்துங்கள் என்று ஷெல்பெர்க்கே ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார்.

மே மாதக் கடைசியில் டி-சீரிஸ் உலகிலேயே முதலில் 10 கோடி சப்ஸ்கிரைபர்களைத் தொட்டது. அது செய்ததெல்லாம், கோடிக்கணக்கான மக்கள் தினமும் கேட்கும் பாட்டுகளை ஓயாமல் போட்டுக்கொண்டே இருந்ததுதான். 2024 ஜூனில் அந்த டி-சீரிஸையும் முந்தினார், அன்று நண்பருக்காகப் பலகை வைத்த மிஸ்டர் பீஸ்ட். அடுத்து என்ன செய்யப்போகிறாரோ என்ற ஆவலை ஒவ்வொரு வீடியோவிலும் வைத்திருந்ததுதான் அவருடைய பலம்.

குறுக்கு வழியில் குழி இருக்கிறது

எண் அசையாத வேதனையில் இருப்பவர்களைத் தேடி வருபவர்கள் இருக்கிறார்கள். "நீங்க எனக்கு சப்ஸ்கிரைப் பண்ணுங்க, நான் உங்களுக்குப் பண்றேன்" என்பது ஒரு வகை. இது மொய்க்கு மொய். நோட்டில் பெயர் ஏறும், ஆனால் யாரும் சாப்பிட உட்கார மாட்டார்கள். யூடியூபின் விதிகளும் இதை அனுமதிப்பதில்லை. "இவ்வளவு ரூபாய்க்கு 1,000 சப்ஸ்கிரைபர்" என்பது அடுத்த வகை. போலிக் கணக்குகளை யூடியூப் அவ்வப்போது களையெடுக்கும்போது எண்ணும் போகும், கொடுத்த காசும் போகும். சில நேரம் சேனலுக்கே ஆபத்து வரும்.

மூன்றாவது வகைதான் பயங்கரமானது. அது சேனல் வைத்திருப்பவரைத் தேடி வருவதில்லை, வீட்டில் மொபைல் வைத்திருக்கும் எவரையும் தேடி வரும். "வீட்டிலிருந்தே பகுதிநேர வேலை. யூடியூப் சேனலுக்கு சப்ஸ்கிரைப் செய்து ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் போதும், ஒன்றுக்கு 50 ரூபாய்" என்று வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ செய்தி வரும். முதல் நாள் 150 ரூபாய் நிஜமாகவே கணக்கில் ஏறும். நம்பிக்கை வந்ததும், "1,000 ரூபாய் கட்டினால் 1,300 தருவோம்" என்பார்கள். அதுவும் வரும். பிறகு பத்தாயிரம், ஐம்பதாயிரம், லட்சம். கட்டிய பணத்தை எடுக்கப்போனால் "வரி கட்டுங்கள்" என்பார்கள். நகையை அடகு வைத்துக் கட்டியவர்கள் உண்டு. 2023 டிசம்பரில் இப்படிப்பட்ட முதலீட்டு, பகுதிநேர வேலை மோசடிகளில் ஈடுபட்ட 100-க்கும் மேற்பட்ட இணையதளங்களை மத்திய அரசு முடக்கியது. ஆனாலும் செய்திகள் நிற்கவில்லை.

இதில் ஒரே விதி: சப்ஸ்கிரைப் செய்வதற்குச் சம்பளம் என்று யார் சொன்னாலும் அது தூண்டில். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது. உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, பணம் கைமாறாமல் தடுக்க அவ்வளவு வாய்ப்பு.

பிள்ளைகளை முன்னால் நிறுத்தும்போது

குழந்தை முகம் வந்தால் பார்வை கூடும் என்று பலர் பிள்ளைகளை கேமரா முன்னால் நிறுத்துகிறார்கள். ஒன்று தெரிந்திருக்க வேண்டும். குழந்தைகளுக்கான வீடியோ என்று குறிக்கப்பட்டவற்றில் 2020 ஜனவரியிலிருந்து கமென்ட் வராது, பெல் அறிவிப்பும் போகாது. குழந்தைகளின் விவரங்களைப் பெற்றோர் அனுமதியின்றிச் சேகரித்ததாக எழுந்த வழக்கில், 2019-இல் அமெரிக்காவில் 17 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்ட பிறகு யூடியூப் செய்த மாற்றம் இது.

விதியை விடுங்கள். பள்ளிச் சீருடை, தெருப் பெயர், டியூஷன் போகும் நேரம் எல்லாம் வீடியோவில் தெரிந்தால், அது சப்ஸ்கிரைபர்களுக்கு மட்டுமா தெரிகிறது? "இன்னைக்கு வேண்டாம்மா" என்று பிள்ளை சொன்னால் அன்று கேமராவை மடித்து வைப்பதுதான் நல்ல சேனலுக்கு அழகு.

மறுபடியும் அதே சமையலறை

அடுத்த வாரம் அதே அம்மா, அதே அஞ்சறைப் பெட்டி, அதே மொபைல். இந்த முறை திறந்த வீடியோவில் முதல் வரியே, "மாவு புளிக்கலையா? பதறாதீங்க, ரெண்டு வழி இருக்கு" என்று தொடங்கினால்? பார்ப்பவர் நிற்பார். சொன்னபடி செய்து பார்ப்பார். மாவு பொங்கினால் சிரிப்பு வரும். ஆப்பத்தைத் தட்டில் போட்டு, பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு மொபைலை எடுப்பார். அப்போது திரையின் கடைசியில், "நாளான்னைக்கு இடியாப்பம், வந்துடுங்க" என்று ஒரு குரல் கேட்கும்.

அந்த நேரத்தில் அழுத்தப்படும் பட்டனுக்குத்தான் ஆயுள் அதிகம். 112 என்பது 113 ஆவதற்கு ஒருவேளை ஒரு வாரம் ஆகலாம். ஆனால் அந்த 113-ஆவது ஆள் வியாழக்கிழமையும் வருவார். வரும்போது பக்கத்து வீட்டு அக்காவிடமும், "இந்த அம்மா சொன்னா சரியா வருது, பாருங்க" என்று சொல்லிவிட்டு வருவார்.